நான் தவறாகத் தேர்ந்தெடுத்த பிரீதர் ஃபில்டர்

பட்டறைகளில் வேலை பார்க்கும் உங்களில் ஒருவர் போன வாரம் எனக்குப் போன் செய்தார். ஒரு ஜெனரேட்டரின் ஆயில் பிடிக்கும் டப்பாவுக்கு மேலே எந்த பிரீதர் ஃபில்டரைப் போடலாம் என்று கேட்டார். கையில் மூன்று வகை இருக்கிறதாம். மூன்றையும் படம் எடுத்து அனுப்பியிருந்தார். நான் படங்களைத் திறக்கவே இல்லை. என்ஜின் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும், எவ்வளவு லோடில் ஓடும் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொண்டு கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். கொஞ்சம் வெடுக்கென்று பேசிவிட்டோமோ என்று பிறகு தோன்றியது. ஆனால் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் அவசரமாகப் பதில் சொல்வதில்லை. ஒரு தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன். அந்த விவரத்தை எழுதிவிட்டால் அவருக்கும் பதில் கிடைத்துவிடும், மற்றவர்களுக்கும் ஆகும்.

உங்கள் வீட்டில் யாராவது இதை எடுத்துப் படிக்கக்கூடும், அவர்களுக்காக இரண்டு வரி. என்ஜின் ஓடும்போது பிஸ்டனைச் சுற்றிக் கொஞ்சம் புகை கீழே கசியும். எண்ணெய் நிற்கும் அடிப்பகுதியில் அது சேரும். சேர்ந்தது வெளியே போக ஒரு குழாய் உண்டு. அதைத்தான் பிரீதர் என்கிறோம், என்ஜினின் மூக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புகையோடு எண்ணெயும் பொடிப்பொடித் துளியாக வரும். அதைப் பிடிக்கத்தான் நடுவில் ஒரு டப்பா. எண்ணெய் டப்பாவில் தங்கிவிடும், காற்று டப்பாவின் மேலே இருக்கும் ஃபில்டர் வழியாகப் போய்விடும். அவ்வளவுதான் விஷயம். நம் தொழிலில் இதைச் சரியாகச் செய்து பெயர் வாங்கியவர் யாரும் இல்லை.

எழுபதுகளின் முதல் பாதி. பகலில் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலம். நான் ராயப்பேட்டையில் ஒரு டீசல் என்ஜின் பட்டறையில் இருந்தேன். சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பியிருந்தேன். ஆறு வருஷம் என்பது அந்த விதத்தில் ஆபத்தான சர்வீஸ். முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சட்டையில் கறை படாமல் பட்டறை நடத்தத் தெரிந்தவர். வாடிக்கையாளர் முகம் சுளித்தால் அவருக்கு அன்று சாப்பாடு இறங்காது.

மயிலாப்பூரில் லஸ் முனைக்குப் பின்னால் ஒரு பிரசவ நர்ஸிங் ஹோம். பன்னிரண்டு படுக்கைகள். நடத்தியவர் ஒரு பெண் டாக்டர், ஐம்பதை ஒட்டிய வயது, நாலைந்து தலைமுறையாக அங்கேயே இருக்கிற குடும்பம். மின்வெட்டு வந்ததும் எங்கள் பட்டறை மூலமாக ஒரு பழைய மூன்று சிலிண்டர் டீசல் ஜெனரேட்டரை வாங்கிப் பின்பக்கக் கொட்டகையில் வைத்தார். அதை ஓட்டுவதற்கு நொச்சிக்குப்பத்திலிருந்து கன்னியப்பன் என்று ஒருவர். வயது நாற்பது இருக்கும். அதற்கு முன்னால் மீன்பிடி லாஞ்சில் என்ஜின் பார்த்தவர். கடலில் இருந்தவருக்கு இந்தக் கொட்டகை வேலை சலிப்பாக இருந்திருக்க வேண்டும். ஆனால் என்ஜினைத் துடைத்து வைப்பதில் குறை சொல்ல முடியாது.

கொட்டகைக்கு நேர் எதிரே பத்தடியில் பிரசவமான பெண்களின் வார்டு. பிரீதர் குழாய் அந்தப் பக்கம்தான் வாய் திறந்திருந்தது. என்ஜின் ஓடினால் வார்டு முழுக்க எண்ணெய்ப் புகை. சுவரில் பழுப்பாக ஒரு கோடே விழுந்திருந்தது. டாக்டர் முதலாளிக்குப் போன் செய்து, பச்சைக் குழந்தைகள் இருக்கிற இடத்தில் இந்த நாற்றம் ஒரு துளி வரக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். முதலாளி என்னை அனுப்பினார். ஒரு துளி வரக்கூடாதாம் என்று அதையே திருப்பிச் சொல்லி அனுப்பினார்.

புதுப்பேட்டையில் சொல்லி ஒரு டப்பா செய்து வாங்கினேன். இரண்டு லிட்டர் கொள்ளும், உள்ளே குறுக்குத் தகடு, அடியில் எண்ணெயை வடிக்க ஒரு குழாய். டப்பாவில் குறையில்லை. மேலே போடுகிற ஃபில்டர்தான் கேள்வி. கடைக்காரர் இரண்டு எடுத்து வைத்தார். ஒன்று, பித்தளைக் கம்பி வலையைச் சுருட்டி அடைத்தது. பெரிய சொம்பு அளவுக்குப் பருமன். ஊதிப் பார்த்தால் தடையே தெரியாது, அதனால் வாசனையும் ஓரளவு வெளியே வரும். இன்னொன்று, சின்னது, கைக்கடக்கம், உள்ளே ஃபெல்ட், அதாவது கெட்டியாக அழுத்திய கம்பளி. காற்றை உள்ளே இழுக்கும் ஏதோ கம்ப்ரஸருக்காகச் செய்தது. மேலே குரோமியம் பூசி மினுமினுவென்று இருந்தது.

நான் ஃபெல்ட்டை எடுத்தேன். ஏன் என்று இன்றைக்கு யோசித்தால் விடை சங்கடமாக இருக்கிறது. ஒரு துளி வரக்கூடாது என்ற வாக்கியம் காதில் இருந்தது. அந்த வாக்கியத்துக்கு ஏற்ற ஃபில்டரைத் தேடினேன். என்ஜினுக்கு ஏற்றதைத் தேடவில்லை.

பொருத்தி முடித்து என்ஜினைக் கிளப்பச் சொன்னேன். கரண்ட் இருந்த நேரம், லோடு கிடையாது. பத்து நிமிஷம் வெறுமனே ஓட்டினோம். டாக்டர் வந்து வார்டு ஜன்னலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். எனக்குக் காப்பி வந்தது. கன்னியப்பன் மட்டும் டப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஃபில்டருக்கு மேலே உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"இன்னா சார், காத்தே வரலியே. மூக்க அடைச்சிட்டு ஓடுன்னா எப்டி ஓடும்?"

அது சன்னமாக வரும், கைக்குத் தெரியாது என்று சொன்னேன். அவருக்குச் சொன்ன பதில் அதுதான். எனக்கே நான் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியாக அது எனக்குப் படவில்லை. லாஞ்சில் இருந்தவருக்கு இதெல்லாம் புதிது என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடியதில் ஃபெல்ட் எண்ணெயை உறிஞ்சி ஊறிக்கொண்டிருந்தது. ஊறிய ஃபெல்ட்டும் தக்கையும் ஒன்றுதான். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மழையில் நனைந்த கம்பளிச் சட்டையை ஊதிப் பார்த்தவனுக்குக்கூடத் தெரிகிற சங்கதி.

ஒரு வியாழக்கிழமை. காலை பதினொன்றரைக்குக் கன்னியப்பன் பட்டறைக்குப் போன் செய்தார். எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி தானாக வெளியே எகிறுகிறது, அந்த ஓட்டை வழியாக எண்ணெய் பீய்ச்சுகிறது, பின்னாலும் கசிகிறது என்றார். நிறுத்துங்கள் என்றேன். நிறுத்த முடியாது என்றார். உள்ளே ஒரு பெண்ணுக்கு வயிற்றைத் திறந்திருக்கிறார்கள்.

ராயப்பேட்டையிலிருந்து லஸ்ஸுக்கு நான் எப்படிப் போனேன் என்று நினைவில்லை. கொட்டகைக்குள் நுழைந்ததும் பார்த்தது நினைவிருக்கிறது. குச்சி ஓட்டையில் கன்னியப்பன் துணியை அடைத்துக் கையால் அழுத்திப் பிடித்திருந்தார். ஏற்கெனவே பீய்ச்சிய எண்ணெய் சூடான புகைக்குழாய் மேல் விழுந்து கருகிப் புகைந்தது. தரையில் எண்ணெய். அதன்மேல் மணலைப் போட்டிருந்தார். பின்னால் பிளைவீல் என்கிற கனச் சக்கரத்தின் பக்கம், எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் வழியாக எண்ணெய் ஒரு நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆயில் பிரஷர் முள் நடுங்கியது.

டப்பாவைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்பேனரை எடுத்து ஃபில்டரின் கிளிப்பைத் தளர்த்தினேன். அது கையைத் தட்டிவிட்டு எகிறியது. பின்னாலேயே சுடுகிற எண்ணெய் ஆவி முழங்கைவரை அடித்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனால் அடுத்த கணமே குச்சி ஓட்டையில் அழுத்தம் இறங்கிவிட்டது. கன்னியப்பன் கையை எடுத்தார். பீய்ச்சல் நின்றது.

பின்பக்கக் கசிவு நிற்கவில்லை. அத்தனை நேரம் அழுத்தம் தாங்கிய சீலின் உதடு மடங்கிவிட்டது. அதை மாற்ற, மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைப் பிரித்து, பிளைவீலைக் கழற்ற வேண்டும். அரை நாள் வேலை. கரண்ட் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

ஆபீஸ் அறைக்கு ஓடி முதலாளிக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை.

"அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லிராத. சொன்னா பயந்துருவாங்க. நான் வந்துருதேன், அதுவரைக்கும் எப்படியாவது ஓட்டிரு."

இந்த "எப்படியாவது" என்ற சொல்லை உங்களுக்கும் யாராவது சொல்வார்கள். சொல்கிறவர் கெட்டவர் என்று இல்லை. அவர் என்ஜின் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் நின்றிருந்தார். பெயர் மரியபுஷ்பம். சாந்தோம்காரர், பல வருஷமாக அந்த டாக்டரோடு இருப்பவர். வெளியே என்ன புகை என்று கேட்டு வரச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தார். விளக்கு எரியுமா என்று மட்டும் கேட்டார். எரியும் என்று வாய்வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவர் உள்ளே போய் அதையே சொல்லியிருப்பார். அந்த டாக்டர் அதை நம்பிக் கத்தியைப் பிடித்திருப்பார்.

இரண்டு நிமிஷம் கொடுங்கள், சரியாகச் சொல்கிறேன் என்றேன். அவரிடம் ஒரு சுத்தமான எவர்சில்வர் டிரே கேட்டேன். ஏன் என்று கேட்காமல் அவரைவிதை மாதிரி வளைந்த டிரே ஒன்றைக் கொடுத்தார். அதைக் கசிவுக்குக் கீழே வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். அரை லிட்டர் கொள்ளும் டிரே இரண்டு நிமிஷத்தில் நிறைந்தது. கொட்டகையில் சீல் உடைக்காத நாலு லிட்டர் ஆயில் டின் ஒன்று இருந்தது. என்ஜினுக்குள் எவ்வளவு மிச்சம் என்று ஓடும்போது தெரியாது, அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. நாலு லிட்டருக்குப் பதினாறு நிமிஷம். ஒன்றைக் கழித்தேன்.

தியேட்டர் கதவு பாதி திறந்திருந்தது. நான் உள்ளே பார்க்காமல் பக்கத்துச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். ஈதர் வாசனை மூக்கில் ஏறியது. மயக்கம் கொடுக்கிற அந்த ஈதர் ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும், வெளியே எண்ணெய் கருகிக்கொண்டிருந்தது. எண்ணெய் கசிகிறது, என்ஜின் கொஞ்ச நேரம்தான் ஓடும் என்று சிஸ்டரிடம் சொன்னேன், அவர் உள்ளே போய்ச் சொல்லும் முன்பே டாக்டர் உள்ளிருந்து கேட்டார்.

"எவ்வளவு நேரம்னு சரியாச் சொல்லுங்கோ."

"பதினஞ்சு நிமிஷம் நிச்சயம். பதினஞ்சாவது நிமிஷம் நானே நிறுத்திடுவேன். தானா நிக்க விட்டா எப்ப நிக்கும்னு எனக்குத் தெரியாது."

டாக்டர் குரலை உயர்த்தாமல் வரிசையாகச் சொன்னார். மேஜையை ஜன்னல் பக்கம் திருப்ப வேண்டும். இரண்டு டார்ச்சுகளைப் புது பாட்டரி போட்டுக் கொண்டுவர வேண்டும். ரத்தம் உறிஞ்சும் மிஷின் வேண்டிய வேலையை முதலில் முடித்துவிடலாம். தைப்பதை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம். கடைசியாக எனக்கு ஒன்று சொன்னார். அஞ்சு நிமிஷம் இருக்கும்போது ஒரு தடவை, ரெண்டு நிமிஷம் இருக்கும்போது ஒரு தடவை சொல்ல வேண்டும்.

நான் கொட்டகைக்கு வந்தேன். கன்னியப்பன் புனலை வைத்துத் தயாராக இருந்தார். ஓடும் என்ஜினில் எண்ணெய் ஊற்றுவது நல்ல பழக்கம் அல்ல. ஊற்றும்போது அது திருப்பித் துப்பும். நான் டிரேயைப் பார்த்துக்கொண்டேன், அவர் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். வீணாக விழுவதை விடுவானேன் என்று அவர்தான் யோசனை சொன்னார். சிஸ்டரிடம் காயத்துக்குக் கட்டும் காஸ் துணி வாங்கி, டிரேயில் பிடித்ததை வடிகட்டி மறுபடி உள்ளே ஊற்றினோம். அது என் பதினைந்து நிமிஷத்தில் சேராத கையிருப்பு. அதை நான் உள்ளே சொல்லவில்லை. சொன்னால் பதினைந்து இருபதாகும், இருபது என்று நம்பினால் கை நிதானமாகிவிடும்.

நாலாவது நிமிஷம் குழந்தையின் குரல் கேட்டது. கன்னியப்பன் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பத்தாவது நிமிஷத்தில் போய் அஞ்சு நிமிஷம் இருக்கிறது என்றேன். டிரே இப்போது ஒன்றரை நிமிஷத்தில் நிறையத் தொடங்கியிருந்தது. பதின்மூன்றாவது நிமிஷத்தில் மறுபடி போனேன். சிஸ்டர் திரும்பி டாக்டரைப் பார்த்துவிட்டு, டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாங்க, நீங்க சொன்ன நேரத்துக்கே நிறுத்தலாம் என்றார்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் இடம் இதுதான். பதினைந்தாவது நிமிஷம் என்ஜின் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. வடிகட்டி ஊற்றியதால் டின்னில் ஒரு லிட்டருக்கு மேல் மிச்சம் இருந்தது. பிரஷர் முள்கூட முன்னைவிட நிதானமாக நின்றது. என்ஜினை நிறுத்தும் நெம்புகோலில் கை வைத்தேன். கன்னியப்பன் என் கையைப் பிடித்தார்.

"இன்னும் ஓடிக்கினுதான கீது சார். வுடுங்க. அவங்க தச்சி முடிச்சிரட்டும்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்னும் அரை மணி ஓடியிருக்குமோ என்னவோ. இரண்டு நிமிஷத்தில் பேரிங் பிடித்துக்கொண்டு, டாக்டர் உள்ளே ஊசியைச் செருகும் நேரத்தில் நின்றிருக்குமோ என்னவோ. எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் எனக்குத் தெரிந்தது. உள்ளே ஒரு மனுஷி நான் சொன்ன நேரத்தை வைத்துத் தன் வேலையை அடுக்கிவிட்டார். அவர் எதிர்பார்க்கும் நேரத்தில் வெளிச்சம் போனால் அது ஒரு வேலை. எதிர்பாராத நேரத்தில் போனால் அது விபத்து. நான் கன்னியப்பன் கையை விலக்கிவிட்டு நெம்புகோலைத் தள்ளினேன்.

என்ஜின் நின்றதும் தெருச் சத்தமெல்லாம் உள்ளே வந்தது. யாரோ கீரை விற்றுக்கொண்டு போனார்கள். நாங்கள் இருவரும் எண்ணெய்த் தரையில் நின்றுகொண்டே இருந்தோம். இருபத்தைந்து நிமிஷம் கழித்து சிஸ்டர் வந்து, முடிஞ்சுது, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, பெண் குழந்தை என்று சொல்லிவிட்டுப் போனார். கன்னியப்பன் கொட்டகைக்கு வெளியே போய்ப் பீடி பற்றவைத்தார். எனக்கு முழங்கை எரிவது அப்போதுதான் தெரிந்தது.

முதலாளி டாக்ஸியில் வந்து சேர்ந்தபோது டாக்டரும் கையைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிட்டார். என்னிடம் நன்றி சொன்னார். நேரத்தைச் சரியாகச் சொன்னதற்கும், சொன்னபடி நிறுத்தியதற்கும். முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. பழைய என்ஜின், சீலெல்லாம் அப்படித்தான் திடீரென்று போகும், எங்கள் ஆள் இருந்ததால் சமாளித்தார் என்று பேச ஆரம்பித்தார். பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. சீல் போனது உண்மை. நான் சமாளித்ததும் உண்மை. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் அன்றைக்கு எனக்கு இன்னொரு காப்பி கிடைத்திருக்கும்.

கன்னியப்பன் கொட்டகை வாசலில்தான் நின்றார். அவருக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. முதலாளி இல்லாத இடத்தில் கேட்ட கேள்வியை முதலாளி எதிரில் திருப்பிக் கேட்டு என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனமில்லை. அதுதான் என்னைப் பேச வைத்தது என்று நினைக்கிறேன்.

தரையிலிருந்து அந்தக் குரோமியம் ஃபில்டரை எடுத்தேன். பிழிந்தால் எண்ணெய் வழிந்தது. சீல் தானாகப் போகவில்லை டாக்டர், நான் போட்ட இந்த மூடிதான் என்ஜினின் மூச்சை அடைத்தது, கன்னியப்பன் அன்றைக்கே சொன்னார், நான் கேட்கவில்லை என்றேன். முதலாளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் ஃபில்டரை வாங்கிப் பார்த்தார். ஏன் இதைப் போட்டீர்கள் என்று கேட்டார். வாசனை ஒரு துளி வரக்கூடாது என்று நீங்கள் சொன்னதால்தான் என்று பதில் சொன்னேன். சொல்லும்போதே அது அரைப் பதில் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

"நாத்தத்தைப் பத்தி எனக்குத் தெரியும், சொன்னேன். என்ஜினைப் பத்தி எனக்கென்ன தெரியும்? அதை நீங்கதானே எனக்குச் சொல்லியிருக்கணும்?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ வாடிக்கையாளர்கள் என்னிடம் சத்தம் வேண்டாம், புகை வேண்டாம், இடத்தை அடைக்கக்கூடாது என்று கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் இந்த வாக்கியம் ஞாபகத்துக்கு வரும். அவர்கள் தங்களுக்கு வேண்டியதைச் சொல்கிறார்கள். என்ஜினுக்கு வேண்டியதைச் சொல்ல அங்கே நம்மைத் தவிர ஆள் கிடையாது.

முதலாளி அதன்பிறகு ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று எதிர்பார்த்தேன். நிறுத்தவில்லை. டாக்டர் அவரிடம், சீல் மாற்றுவதானால் அதே ஆள்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டதாகப் பிற்பாடு சிஸ்டர் மூலம் தெரிந்தது.

அந்த வார இறுதியில் என்ஜினைப் பிரித்தோம். பேரிங் தப்பியிருந்தது. புது சீல் போட்டோம். இந்தத் தடவை பித்தளை வலை ஃபில்டரை வாங்கினேன், அதிலும் ஒரு அளவு பெரியதாக. அப்போது வாசனைக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். வாசனையைத் தடுப்பது ஃபில்டரின் வேலையே இல்லை. எண்ணெயைப் பிடித்து, காற்றைத் தாராளமாக விடுவதுதான் அதன் வேலை. வாசனைக்காக டப்பாவையே இடம் மாற்றினோம். வார்டு இல்லாத மறுபக்கச் சுவரில், கொட்டகைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் வைத்தோம். என்ஜினிலிருந்து அதுவரை பழையதைவிடப் பருமனான குழாய், எங்கும் பள்ளமில்லாமல் ஒரே ஏற்றமாக. நாற்றம் கூரைக்கு மேலே காற்றோடு போயிற்று. இந்த யோசனை முதல் நாளே வந்திருக்க வேண்டியது. சின்னப் பொருளை மாற்றி வேலையை முடிக்கத் துடிக்கும்போது பெரிய யோசனை வராது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோதனை வைத்தேன். நானே டாக்டரிடம் போய்க் கேட்டேன். விளக்கு, மின்விசிறி, தண்ணீர் பம்பு, கருவிகளைக் கொதிக்கவைக்கும் பாத்திரம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டு இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும் என்றேன். ஒத்துக்கொண்டார். ஆனால் உள்ளே அழுத்தம் சேர்கிறதா இல்லையா என்று எதை வைத்துப் பார்ப்பது? அதற்கான கருவி பட்டறையில் இல்லை. கன்னியப்பன் மாதிரி உள்ளங்கையை வைத்தே பார்க்கலாமா என்று சிஸ்டரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே போய், ஒட்டுப் போட்ட பழைய ரப்பர் கையுறை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இதைக் கட்டிப் பாருங்கள், காற்று வந்தால் ஊதும் என்றார்.

எண்ணெய்க் குச்சியை உருவிவிட்டு, அந்தக் குழாயின் வாயில் கையுறையை நூலால் இறுக்கிக் கட்டினேன். இரண்டு மணி நேரம் முழு லோடில் ஓட்டினோம். விரல்கள் தொங்கியபடியே லேசாக ஆடிக்கொண்டிருந்தன. கன்னியப்பன் ஒரு முக்காலியைப் போட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

முடிகிற சமயத்தில் டாக்டர் வந்தார். என்ன இது என்று கேட்டார். விளக்கினேன். பழைய ஃபெல்ட் ஃபில்டர் என் பையில் இருந்தது. கூரைமேல் ஏறி வலை ஃபில்டரைக் கழற்றிவிட்டு அதை மாட்டி, கீழே இறங்கி அவர் பக்கத்தில் நின்றேன். மூன்று நிமிஷம் ஆகியிருக்காது. முதலில் கட்டைவிரல் எழுந்தது. பிறகு மற்ற விரல்கள் ஒவ்வொன்றாக. கடைசியில் ஐந்து விரலும் விரிந்து, கை விறைப்பாக நின்றது. நான் திரும்பக் கூரை ஏறி ஃபெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினேன். கை சுருங்கி மறுபடி தொங்கியது.

டாக்டர் குனிந்து தொங்கிய விரல் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்.

"இதை அன்னிக்கே பண்ணியிருக்கலாமே" என்றார்.

பண்ணியிருக்கலாம் டாக்டர் என்றேன். கையுறையின் நூலை அவிழ்த்துவிட்டு, குச்சியைத் திரும்பச் செருகினேன்.